கடிக்கிற பிடி எது? பட்டாம்பூச்சிக் கத்தி பழகியவனின் குறிப்புகள்

சென்ற மே மாத விடுமுறையில் உச்சிப்புளியிலிருந்து வந்திருந்த என் அக்கா மகன், முற்றத்தில் நின்றபடி சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிய பொருளை, சவரக் கடையில் வைத்திருக்கும் மடக்குக் கத்தி என்றே என் அம்மா நினைத்தார். அவன் மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினான். இரண்டு பிடிகளில் ஒன்று திருகோடு கழன்று பறந்து, அம்மா ஆய்ந்து வைத்திருந்த சூடைமீன் சட்டிக்குள் விழுந்தது. மற்றொரு பிடியோடு தொங்கிய அலகு பையனின் ஆள்காட்டி விரல் கணுவில் தோலைச் சற்றே சீவிவிட்டிருந்தது. அம்மா சட்டியிலிருந்து பிடியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை வச்சு ஒரு மீனையாவது ஆய முடியுமாடா?” என்று கேட்டார். கல்லூரியில் முதலாம் ஆண்டு முடித்திருந்த அவனிடம் அதற்குப் பதில் இல்லை.

என்னிடம் இருந்தது, சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. என் வலக்கை ஆள்காட்டி விரலிலும் அதே கணுவில் ஒரு தழும்பு உண்டு. பாம்பனில் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்பதால், அது எஞ்சின் பெல்ட் இழுத்த காயம் என்று பல ஆண்டுகளாக வீட்டில் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் அது இதே வகைக் கத்தியால், இரண்டு பிடிகளுக்குள் அலகு மடங்கும் பட்டாம்பூச்சிக் கத்தியால், இதே தவறால் வந்தது. அன்றைக்கு உண்மையைச் சொன்னேன். அதன் பிறகு அந்தப் பையனுக்குக் கற்றுக்கொடுக்க நேர்ந்ததும், கற்றுக்கொடுக்கும்போதுதான் நான் என்ன கற்றிருந்தேன் என்பது எனக்கே தெளிவானதும் இந்தக் குறிப்புகளுக்குக் காரணம்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் சில ஆண்டுகள் வளைகுடாவில் ஒரு சிறிய சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் ஆயிலராக வேலை பார்த்தேன். எங்கள் கப்பலின் ஃபிட்டர் பிலிப்பைன்ஸ் நாட்டின் பத்தங்காஸ் மாகாணத்துக்காரர். வயதில் மூத்தவர் என்பதால் அவரை எல்லோரும் ‘குயா’ என்போம்; அவர்கள் மொழியில் அது அண்ணன். பட்டாம்பூச்சிக் கத்திக்கு அங்கே ‘பலிசோங்’ என்று பெயர். பத்தங்காஸில் தால் என்ற ஊரில் பலிசோங் என்ற பெயரிலேயே ஒரு குடியிருப்பு இருக்கிறது; தலைமுறை தலைமுறையாக இந்தக் கத்தியைச் செய்யும் இடம் அது. நம் பக்கத்துக் கொல்லர்கள் லாரிப் பட்டையை அடித்து அரிவாள் செய்வதைப் போலவே அங்கேயும் பழைய வண்டிப் பட்டைகளிலிருந்து அலகு தட்டுவார்கள் என்று குயா சொன்னபோது, எனக்குத் திருப்பாச்சேத்திப் பட்டறைகள் நினைவுக்கு வந்தன. பிடிகளில் மாட்டுக் கொம்போ எருமைக் கொம்போ பதிப்பது பழைய வழக்கம். விரித்தால் 29 சென்டிமீட்டர் வரும் பெரிய கத்தியை, அந்த இருபத்தொன்பதையே பெயராக்கி, ‘பெய்ந்தே நுவெபே’ என்பார்களாம். அமெரிக்காவில் இது பரவியதற்கு, 1979-இல் லெஸ் டி ஆசிஸ் என்பவர் கலிபோர்னியாவில் இந்தக் கத்தியின் பெயரிலேயே தொடங்கிய நிறுவனம் ஒரு முக்கியக் காரணம். பின்னாளில் பெஞ்ச்மேட் என்ற பெயரில் அறியப்பட்டது அதுதான். என் மருமகனுக்கு இவை எதுவும் தெரியாது. அவனுக்கு இது கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் திரையின் ஓரத்தில் ஒரு கை சுழற்றிக்கொண்டே இருக்கும் கத்தி. அந்தக் கை ஒருபோதும் தவறுவதில்லை என்பதுதான் அவனுக்குக் கிடைத்த தவறான பாடம்.

குயாவுக்கு அது வேலைக் கருவி. கயிறு அறுப்பார், அட்டைப்பெட்டி திறப்பார், ஆரஞ்சு உரிப்பார். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மறு கையால் மட்டுமே திறந்து மூட முடிந்த கத்தி என்பதுதான் இதன் பிறவிப் பயன் என்பார். சுழற்றுவது வேலை இல்லாத நேரத்துக்கு. இரவுப் பணி முடிந்து கப்பலின் பின் தளத்தில் அமர்ந்து அவர் சுழற்றும்போது வரும் ‘டக், டக், டடக்’ என்ற ஓசை இன்றும் காதில் இருக்கிறது. வேகத்தை விட அந்த ஓசையின் சீரில்தான் எனக்கு ஆசை வந்தது.

கத்தியின் அமைப்பு எளியது. ஓர் அலகு, அதன் அடியில் இரண்டு கீல்கள், ஒவ்வொரு கீலிலும் ஒரு பிடி. பிடிகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் முழுதாகச் சுற்றும். இரண்டையும் ஒரு பக்கம் சேர்த்தால் அலகு அவற்றின் பள்ளத்துக்குள் மறையும். மறுபக்கம் சேர்த்தால் அலகு வெளியே நின்று, பிடிகள் இரண்டும் சேர்ந்து ஒரே கைப்பிடி ஆகும். நுனியில் ஒரு சிறு கொக்கி இரண்டையும் பூட்டும். அலகின் அடிப்பகுதியில் உள்ள இரண்டு சிறிய ஆணிகள் பிடிகள் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அங்கே உள்ள ஒரு புடைப்பு, மூடும்போது கூர்ப்பக்கம் பிடியின் உட்புறத்தில் மோதி மழுங்காதபடி காக்கிறது. வில் கிடையாது, பொத்தான் கிடையாது. முழுக்க முழுக்க எடையும் மணிக்கட்டும்தான்.

இனிச் சொல்லப்போவதை மட்டும் ஒருவர் மனத்தில் வாங்கிக்கொண்டால் மீதியை அவரே பழகிவிடலாம். இரண்டு பிடிகளும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றல்ல. மூடியிருக்கும்போது அலகின் கூர்ப்பக்கம் எந்தப் பிடியை நோக்கி இருக்கிறதோ, அது கடிக்கிற பிடி. அலகின் முதுகு எந்தப் பிடியை நோக்கி இருக்கிறதோ, அது கடிக்காத பிடி. கடிக்காத பிடியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதை வீசினால், அலகு திரும்பி வந்து விரலில் படும்போது அதன் மழுங்கிய முதுகுதான் படும். கடிக்கிற பிடியைப் பிடித்துக்கொண்டு அதே வீச்சை வீசினால், அதே இடத்தில், அதே வேகத்தில் கூர் வந்து இறங்கும். வீச்சில் ஒரு வித்தியாசமும் இல்லை. கையில் இருக்கும் பிடிதான் மாறியிருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்களின் வெட்டுக் காயங்களில் நான் பார்த்தவை எல்லாம், என்னுடையதும் சேர்த்து, இந்த ஒரு குழப்பத்தில் வந்தவை.

கொக்கி பெரும்பாலான கத்திகளில் கடிக்கிற பிடியில்தான் இருக்கும். ஆகவே கொக்கி இல்லாத பிடியைப் பிடித்துக்கொள் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்வதில்லை. சில கத்திகளில் கொக்கி மறு பிடியில் இருக்கும். சிலவற்றில் கொக்கியே இருக்காது. நம்மைப் போன்றவர்கள் கழற்றி மாட்டும்போது பிடிகளை இடம் மாற்றிப் பொருத்திவிடுவதும் நடக்கும். அலகைப் பார்த்துத் தெரிந்துகொள்வதே நம்பத்தக்கது. மருமகனுக்கு நான் செய்துகொடுத்த ஏற்பாடு இன்னும் எளியது: கடிக்காத பிடியின் மேல் சைக்கிள் டியூபை மெல்லிய வளையமாக நறுக்கி மாட்டிவிட்டேன். இருட்டிலும் விரலுக்கு ரப்பர் தட்டுப்பட்டால் சரி. ஒரு மாதம் கழித்து அதைக் கழற்றியபோது அவனுக்கு அது தேவைப்படவில்லை.

என் காயம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குயா எனக்குத் தம்முடைய கூர்க்கத்தியைத் தொடவே விடவில்லை. “முதலில் மழுங்கியது” என்பார். எனக்கு அது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றியது. ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது மலிவான கூர்க்கத்தி ஒன்றை வாங்கி, அலகின் மேல் மின்சார டேப் சுற்றி, அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். டேப் சுற்றினால் கத்தியின் எடை அலகுப் பக்கம் கூடிவிடும், நாம் பழகும் வேகம் பொய்யாகிவிடும் என்பது ஒன்று. நான்காம் நாள் கூர் டேப்பை உள்ளிருந்து அறுத்துக்கொண்டு வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை என்பது இன்னொன்று. நடுவில் கத்தியை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். திரும்ப எடுத்தபோது எந்தப் பிடி கையில் வந்தது என்று பார்க்கவில்லை. முதல் வீச்சிலேயே கணுவின் மேல் ஒரு குளிர்ச்சி தெரிந்தது. வலி பிறகுதான் வந்தது. கப்பலில் மருத்துவப் பெட்டிக்குப் பொறுப்பான அதிகாரி மூன்று தையல் போட்டார். குயா ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. மறுநாள் தம்மிடமிருந்த முனை உடைந்த பழைய பலிசோங் ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோய், கிரைண்டரில் அதன் கூரை முழுவதும் மழித்து, முனையைக் கட்டைவிரல் நகம் போல உருட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, தம் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். மருமகன் பழகுவது அந்தக் கத்தியில்தான்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் என் முதல் சொல், கூர் இல்லாத பழகுகத்தியை வாங்குங்கள் என்பதுதான். சந்தையில் அதற்கென்றே செய்தவை கிடைக்கின்றன. அலகில் கூர் இருக்காது, வரிசையாகத் துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் அழகுக்கு அல்ல. கூர்க்கத்தியின் அலகு சரிவாகச் சீவப்பட்டிருப்பதால் எடை குறைந்திருக்கும். தட்டையான மழுங்கல் அலகை அதே எடைக்குக் கொண்டுவரத்தான் துளை. அலகுக்குப் பதில் சீப்பும் புட்டி திறப்பானும் வைத்தவையும் உண்டு. தொடக்கத்துக்கு அவையும் போதும், எடை ஓரளவு சரியாக இருந்தால். நூறு கிராமுக்கு மிகவும் கீழே போகும் கத்தி காற்றில் மிதப்பது போலத் தோன்றும். 110 முதல் 140 கிராம் வரை உள்ளது தன் எடையாலேயே சுற்றி வந்து கைக்குப் பாடம் சொல்லும். மழுங்கல் என்றாலும் அடிக்காது என்று பொருள் இல்லை. உலோகப் பிடி கட்டைவிரல் எலும்பில் மோதினால் இரண்டு நாளுக்கு நீலம் பாரித்திருக்கும்.

முதல் திறப்பை மூன்று அசைவாகப் பிரித்துக் கற்பது நல்லது. கடிக்காத பிடியைக் கட்டைவிரலுக்கும் மற்ற நான்கு விரல்களுக்கும் இடையே, குருவிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் எதுவும் நடக்காது. கொக்கியை விடுவித்து, மணிக்கட்டை மேல்நோக்கி வீசினால் கடிக்கிற பிடி விரிந்து, விரல் முட்டிகளுக்கு மேலாகப் பின்புறம் போகும். அலகின் முதுகு முட்டியில் ‘டக்’ என்று தட்டும். இது ஒன்று. அடுத்து, கட்டைவிரலைத் தளர்த்தி, கையில் உள்ள பிடியை உள்ளங்கைக்குள் அரைச் சுற்று உருட்ட வேண்டும். எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். விரல் செய்ய வேண்டிய வேலையைத் தோள் செய்யப் பார்க்கும். மூன்றாவதாக, மணிக்கட்டை முன்னோக்கி வீச, வெளியே போன பிடி சுற்றி வந்து கையில் இருக்கும் பிடியோடு சேர்ந்துகொள்ளும். அலகு நிமிர்ந்து நிற்கும். மூடுவது இதையே திருப்பிச் செய்வது. ‘டக்’ என்ற அந்தத் தட்டு முட்டியில் விழும் இடத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். என் தழும்பு சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது.

மருமகன் பள்ளியில் சிலம்பம் ஆடியவன். மணிக்கட்டு இளகியிருந்ததால் அவனுக்கு முதல் அசைவு ஒரே நாளில் வந்தது. ஆனால் கம்பை விடாமல் பிடித்துப் பழகிய விரல்கள், பிடியை விட்டுப் பிடிக்கும் இரண்டாவது அசைவுக்கு இணங்க இரண்டு வாரம் ஆயிற்று. அவன் கேட்டான்: “மாமா, வேகமா வீசினா தானாவே சுத்தி வந்துடும்ல?” வந்துவிடும்தான். வேகம் தவறை மறைக்கும். எங்கே தவறினோம் என்பதே தெரியாது. ஆகவே தண்ணீருக்குள் கையை அசைப்பது போல மெதுவாகச் செய்யச் சொன்னேன். ஒவ்வொரு அசைவின் முடிவிலும் நிறுத்தி, இப்போது கையில் இருப்பது எந்தப் பிடி என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தேன். அக்கா ஃபோனில் கேட்டுவிட்டு, பையன் ஏதோ மந்திரம் ஓதுகிறான் என்றாள். இந்த ஓதல் எதற்கு என்பது திறப்பும் மூடலும் வந்த பிறகு புரியும். ஆள்காட்டி விரலின் மேல் கத்தியை உருட்டிப் பிடிப்பதும், மேலே எறிந்து பிடிப்பதும் அடுத்த படிகள். அவற்றில் பிடிகள் நடுவழியில் கை மாறும்; கடிக்காத பிடியில் தொடங்கியவர் கடிக்கிற பிடியில் முடிப்பார். மாறிய கணம் கைக்குத் தெரியாதவர் எறிந்து பிடிக்க அவசரப்படக் கூடாது.

ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். விரல் களைத்தால் பிடி வழுக்கும். வியர்வைக்கும் இதே கதிதான். நம் கடற்கரையில் சித்திரை, வைகாசி மதியங்களில் பழகுவது வீண். நிற்கும் இடம் முக்கியம்: கோரைப்பாய் விரித்து அதன் அருகில், காலில் செருப்பு அணிந்து, இரண்டு கை தூரத்துக்கு யாரும் இல்லாமல் நிற்க வேண்டும். சிமெண்டுத் தரையில் ஒருமுறை விழுந்தாலே பிடியின் விளிம்பில் பிசிறு எழும்பி, அந்தப் பிசிறு விரலை அறுக்கும். அரத்தாள் கொண்டு உடனே தேய்த்துவிட வேண்டும். கை தவறினால் பிடிக்கப் போகக் கூடாது. நம் வீடுகளில் டம்ளர் நழுவினால் பாய்ந்து பிடிப்பதற்குச் சின்ன வயதிலிருந்தே பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை இங்கே மறக்க வேண்டும். பின்னால் ஓர் அடி நகர்ந்து, விழ விட்டுவிட வேண்டும். மழுங்கல் கத்தியிலேயே இதைப் பழகாதவர் கூர்க்கத்தியில் நிச்சயம் கையை நீட்டுவார். வெட்டு விழுந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்கள் தெருவில் இன்னும் காப்பித்தூளை அப்பும் வழக்கம் இருக்கிறது, பிறகு தையல் போடுகிறவர்தான் அதைச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

மீன் சட்டியில் விழுந்த பிடிக்கு வருகிறேன், ஏனென்றால் அது என் தொழில். மலிவான கத்திகளில் கீல் என்பது அலகின் துளை வழியாகப் போகும் ஒரு திருகு மட்டுமே. திருகை இறுக்கினால் பிடி சுற்றாது. தளர்த்தினால் ஆட்டம் வரும், சுழலும் வேகத்தில் திருகு தானே கழன்றுகொண்டும் போகும். மருமகன் இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வாங்கியது இந்த இனம். நல்ல கத்தியில் அலகின் துளைக்குள் புஷ் எனப்படும் ஒரு சிறு உலோகக் குழல் இருக்கும். அது அலகின் கனத்தையும் இரு பக்க வாஷர்களையும் விட மயிரிழை அதிக உயரம். திருகை முழுமையாக இறுக்கும்போது அழுத்தம் புஷ்ஷின் மேல் நிற்கும், அலகு அந்த மயிரிழை இடைவெளியில் சுதந்திரமாகச் சுற்றும். வாங்கும்போது சோதிக்க வழி எளிது: கத்தியைத் திறந்து, பிடிகளின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் நுனியில் சற்றுத் தெரிந்தால் தவறில்லை. அலகே கிலுகிலுத்தால் வேண்டாம். பிடிகள் இரண்டு பட்டைகளை இடைத்துண்டு வைத்துத் திருகியவையாகவும் இருக்கும், ஒரே உலோகக் கட்டியில் பள்ளம் குடைந்தவையாகவும் இருக்கும். குடைந்தது உறுதி, திருகியது கழற்றிச் சுத்தம் செய்ய வசதி. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

திருகு கழலாமல் இருக்க, மரைகளை மண்ணெண்ணெயில் கழுவி, காய விட்டு, திருகுகளுக்கான நீல நிறப் பசையான லாக்டைட் 243 ஒரு சொட்டு மரையில் மட்டும் வைத்து இறுக்கி, ஒரு நாள் தொடாமல் விட வேண்டும். சொட்டு வழிந்து கீலுக்குள் போய்விட்டால் பிடி சுற்றாது. பிளாஸ்டிக் பிடியில் அதைத் தடவ வேண்டாம். சில பிளாஸ்டிக்குகள் விரிசல் விடும். சிவப்பு நிறப் பசை வாங்கிவிடாதீர்கள், அது சூடேற்றினால்தான் விடும். திருகின் தலை பெரும்பாலும் ஆறுமுனை நட்சத்திர வடிவில் இருக்கும். அதற்கு உரிய சாவியையே பயன்படுத்த வேண்டும். ஆலன் கீயைத் திணித்துத் தலையை வழுக்கவிட்டுக் கொண்டுவந்த எஞ்சின்களைத் தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன்.

மதுரைக்காரருக்கு இல்லாத ஒரு கவலை நமக்கு உண்டு: உப்புக் காற்று. துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தாலும் பாம்பன் காற்றில் ஒரு மாதம் கிடந்தால் ஆணியைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் வரும். கீலுக்குள் வந்தால் சுழற்சி கரகரக்கும். மணல் அதைவிட மோசம். அக்கா மகன் குந்துகால் கரையில் நின்று பழகிவிட்டு வந்த ஒரு மாலை, கத்தியைக் காதருகே வைத்துச் சுழற்றிக் காட்டினேன். அம்மி அரைப்பது போலக் கேட்டது. ஒரே ஒரு மணல் துகள் வாஷரில் வட்டமாகக் கோடு இழுத்துவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, வெயிலில் அல்லாமல் நிழலில் காய வைத்து, கீல் ஒவ்வொன்றிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது நாளடைவில் பிசினாகிவிடும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். அம்மாவின் அரிவாள்மனைக்குத் தேங்காய் எண்ணெய் பொருந்துவது அதில் சுழல்வதற்கு ஒன்றும் இல்லை என்பதால்தான்.

சட்டம் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நம் நாட்டின் ஆயுத விதிகள், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் உரியவை நீங்கலாக, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்திகளை ஆயுதங்களின் பட்டியலில் சேர்க்கின்றன. பட்டாம்பூச்சிக் கத்தியின் அலகு பொதுவாக நான்கு அங்குலம்தான். இதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறலாம் என்று என் மருமகன் முடிவு செய்தான். செப்டம்பரிலும் அக்டோபரிலும் தலைவர்களின் நினைவு நாட்களை ஒட்டி நம் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கம் என்பதும், சோதனைச் சாவடிகளில் வண்டிப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்பதும் இங்கே வளர்ந்த அவனுக்குத் தெரியாததல்ல. பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் படம் போட்டுக் கைதானவர்களின் செய்தியும் அடிக்கடி வருகிறது. மழுங்கலா கூரா என்று பத்தடி தூரத்தில் நிற்கும் காவலருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. ஆகவே எங்கள் வீட்டு விதி, பழகுகத்தி முற்றத்தைத் தாண்டாது, படமும் தாண்டாது. குந்துகாலுக்குக் கொண்டுபோன அன்றுதான் அந்த விதியே பிறந்தது.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த கரை இது; தொண்டியிலும் கீழக்கரையிலும் வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்திருப்பார். பெட்டியில் இதைப் போடாதீர்கள் என்று அவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பிரிட்டனில் 1988 முதல் இதன் விற்பனைக்குத் தடை; ஜெர்மனியில் 2003 முதல் தடை. பிறந்த நாடான பிலிப்பைன்ஸிலேயே, வேலைக்குத் தேவை என்று காட்ட முடியாமல் வீட்டுக்கு வெளியே கூர்ப்பொருள் வைத்திருப்பதை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குற்றமாக்கியிருக்கிறது. குயா கப்பலிலிருந்து கரை இறங்கும்போதெல்லாம் கத்தியைத் தம் கருவிப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இறங்குவார்.

தற்காப்புக்கு உதவுமா என்று சிலர் கேட்பதுண்டு. உதவாது. திறப்பதற்கே மூன்று அசைவு வேண்டிய கத்தியை, கை நடுங்கும் நேரத்தில் எடுப்பவர் முதலில் தம்மைத்தான் வெட்டிக்கொள்வார். இது பம்பரம் போல, யோ-யோ போல, கைக்குப் பழக்கம் தரும் ஒரு பொருள். அப்படி எண்ணி வாங்காதவர் வாங்க வேண்டியதில்லை.

போன வாரம் மருமகன் வந்திருந்தான். திறப்பும் மூடலும் இரண்டு கையிலும் வந்துவிட்டது. விரல் உருட்டு பாதி வந்திருக்கிறது. இனிக் கூர்க்கத்தி ஒன்று வாங்கலாமா என்று மெல்லக் கேட்டான். நான் பதில் சொல்லாமல், குயா தந்த கத்தியையும் நட்சத்திரச் சாவியையும் ஒரு தட்டையும் எடுத்துக் கொடுத்து, முழுவதும் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டிக் காட்டு என்றேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடிக்கிற பிடியைச் சரியான பக்கத்தில் மாட்டியிருந்தான், சுழற்சியும் நன்றாக இருந்தது. தட்டைப் பார்த்தால் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. அம்மா அதை எடுத்து, “இது எதுக்குடா?” என்றார். அவன் பெருமூச்சு விட்டுவிட்டு, சாவியை மறுபடி கையில் எடுத்தான்.